ஹவுஸ் சர்ஜனுக்கு இரத்த ஏற்றம் கற்றுக்கொடுக்கும் முறை

ஹவுஸ் சர்ஜன்களோ முதலாண்டு முதுநிலை மாணவர்களோ ப்ளட் பேங்க் போஸ்டிங்குக்கு வந்ததும், முதல் நாளே இரத்த வகை காண உதவும் ஆன்டி-ஏ, ஆன்டி-பி புட்டிகளையும் டெஸ்ட் ட்யூப்களையும் கொடுத்து மேசை முன் உட்கார வைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரத்தம் ஏற்றுவதில் உயிரைப் பறிக்கும் பிழை பெரும்பாலும் ஆய்வக மேசையில் நடப்பதில்லை. நள்ளிரவு வார்டில், சாம்பிள் எடுக்கும் நிமிடத்திலும் பையை ஸ்டாண்டில் தொங்கவிடும் நிமிடத்திலும்தான் நடக்கிறது. அந்த இரண்டு நிமிடங்களிலும் அங்கே நிற்பவர் பயிற்சி மருத்துவர். ஆகவே பயிற்சியும் வார்டில்தான் தொடங்க வேண்டும். இரண்டு வாரப் போஸ்டிங் என்றால் முதல் மூன்று நாள் மைக்ரோபிப்பெட்டைத் தொடவே வேண்டாம்.

சாம்பிள் ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது

நம்மூரில் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலும் பெயரும்தான். ஒரே பிரசவ வார்டில் மூன்று லட்சுமி, இரண்டு செல்வி இருப்பது அன்றாடம். "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால், மயக்கத்திலும் வலியிலும் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். காது சரியாகக் கேட்காத பெரியவரும் அப்படியே. கேள்வி திறந்ததாக இருக்க வேண்டும்: "உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன?" அவர் வாயால் சொன்னதைக் கைப்பட்டையிலும் கேஸ் ஷீட்டிலும் உள்ள ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோடு ஒப்பிட வேண்டும். பேச முடியாதவருக்குக் கைப்பட்டை கட்டாயம். விபத்தில் பெயர் தெரியாமல் வந்தவருக்குத் தற்காலிக எண் போடலாம். ஆனால் பிறகு உறவினர் வந்து பெயர் சொன்னாலும், அந்த எண்ணில் அனுப்பிய சாம்பிளுக்குரிய இரத்தம் ஏறி முடியும்வரை எண்ணை மாற்றக் கூடாது.

அடுத்தது லேபிள். ட்யூபில் முன்கூட்டியே பெயர் ஒட்டி வைக்கும் பழக்கம்தான் மிக ஆபத்தானது. வேலை சுலபமாகட்டும் என்று காலையில் நான்கு ட்யூபுக்குப் பெயர் எழுதி ட்ரேயில் அடுக்குவார்கள். இடையில் ஒருவர் கூப்பிட, ட்ரே கைமாறும். ஐந்தாம் படுக்கையின் இரத்தம் ஆறாம் படுக்கையின் ட்யூபுக்குள் போய்விடும். அதன்பின் ஆய்வகம் எவ்வளவு துல்லியமாக வேலை செய்தாலும், தவறான ஆளுக்குச் சரியான விடையைத்தான் தரும். இரத்தம் எடுத்தபின், படுக்கையை விட்டு ஓரடி நகர்வதற்கு முன், எடுத்தவரே எழுத வேண்டும்: பெயர், ஐ.பி. எண், தேதி, நேரம், கையொப்பம். புதிய நோயாளிக்கு வேறொரு நேரத்தில் வேறொருவர் எடுத்த இரண்டாவது சாம்பிளிலும் வகையைச் சரிபார்த்துவிட்டு அதே வகை இரத்தம் கொடுக்கும் முறை, இந்தப் பிழையைப் பிடிக்கும் நல்ல வலை.

கையில் ட்ரிப் ஓடிக்கொண்டிருந்தால் மறு கையில் எடுக்க வேண்டும். சலைன் கலந்து நீர்த்த சாம்பிளில் பலவீனமான எதிர்ப்பொருள் (அந்நியச் சிவப்பணுவைத் தாக்கும் ஆன்டிபாடி) தெரியாமல் போகலாம். சிறிய ஊசியால் வேகமாக இழுத்துச் சிவப்பணு உடைந்த சாம்பிளை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதையும் விளக்க வேண்டும். எதிர்ப்பொருள் சிவப்பணுவை உடைப்பதே பரிசோதனையில் நாம் தேடும் அடையாளங்களில் ஒன்று. சாம்பிள் ஏற்கெனவே சிவந்திருந்தால் அந்த அடையாளம் பயனற்றுப் போகும். கடந்த மூன்று மாதத்தில் இரத்தம் ஏற்றியவர், கருவுற்றிருந்தவர் என்றால் சாம்பிளின் ஆயுள் மூன்று நாள்தான். புதிய எதிர்ப்பொருள் அவ்வளவு விரைவில் தலைதூக்கலாம்.

படிவம் நிரப்புவதை யாரும் பாடமாக மதிப்பதில்லை. "இரத்தம் 2 யூனிட், மிக அவசரம்" என்று மட்டும் எழுதி வரும் தாளை வைத்து ஆய்வகம் ஒன்றும் தீர்மானிக்க முடியாது. நோய் என்ன, ஹீமோகுளோபின் எவ்வளவு, முன்பு இரத்தம் ஏற்றியதுண்டா, எத்தனை பிரசவம், எத்தனை கருச்சிதைவு என்பதெல்லாம் எதிர்ப்பொருள் இருக்கும் வாய்ப்பைச் சொல்லும் தகவல்கள். இதைப் புரியவைக்க ஒரே வழி, பயிற்சி மருத்துவரை ஒரு முழு ஷிப்ட் வரவேற்புக் கவுன்ட்டரில் உட்கார வைப்பதுதான். வரும் சாம்பிள்களை ஏற்பதும் காரணம் எழுதித் திருப்புவதும் அவர் பொறுப்பு. "போனிலேயே ஐ.பி. எண்ணைத் திருத்திக்கோங்க சார்" என்று வார்டிலிருந்து கேட்பார்கள். முடியாது என்று மரியாதையாகவும் உறுதியாகவும் சொல்லப் பழக வேண்டும்.

மேசையில் கற்க வேண்டியவை

நான்காம் நாள் மேசைக்கு வரட்டும். இப்போது ஒவ்வொரு படியும் எந்த ஆபத்தைத் தடுக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ட்யூப் முறையில் 2 முதல் 5 சதவீதச் சிவப்பணுக் கரைசல் வேண்டும். கெட்டியானால், எதிர்ப்பொருளால் சிவப்பணுக்கள் கொத்தாகச் சேரும் ஒட்டுதல் பலவீனமாக இருக்கும்போது மறையும். நீர்த்தால் படிக்கவே முடியாது. முதலில் சீரம் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) இரண்டு துளி, பிறகு சிவப்பணு ஒரு துளி. சீரம் ஏறக்குறைய நிறமற்றது. முதலில் அதை விட்டு, ட்யூபைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். வரிசை மாறினால் சீரம் விட்டோமா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. விடுபட்டாலோ முடிவு 'நெகட்டிவ்' என்றுதான் வரும். சுழற்றியெடுத்ததும் அடியில் படிந்த பொத்தானை மெல்லச் சாய்த்து அவிழ்க்க வேண்டும். புதியவர்கள் ட்யூபை உலுக்கிவிடுவார்கள், 1+ அளவு லேசான ஒட்டுதல் உதிர்ந்து காணாமல் போகும். படித்தவுடனே 0 முதல் 4+ வரை தரம் எழுத வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும்.

சிவப்பணுவைக் கொண்டு பார்க்கும் முன்பக்கப் பரிசோதனையும் சீரத்தைக் கொண்டு பார்க்கும் பின்பக்கப் பரிசோதனையும் ஒத்துப்போனால்தான் வகையை அறிவிக்கலாம். நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சொந்த எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிருக்காது என்பதால் பின்பக்கம் நம்பத்தக்கதல்ல. மற்றவரிடம் முரண் வந்தால், முடிவைத் தள்ளிவைக்கும் துணிவுதான் உண்மையான பயிற்சி. முரண்களைத் தயார்செய்து வைத்துக்கொண்டு கற்பிப்பது நல்லது. மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்) நோயாளியின் சீரத்தில் சிவப்பணுக்கள் காசு அடுக்கியது போல ஒட்டும். சீரத்தை நீக்கிச் சலைன் சேர்த்தால் கலைந்துவிடும். உண்மையான ஒட்டுதல் கலையாது. 'ஏ'யின் துணைவகையான ஏ2 உள்ளோர் சிலரிடம் ஆன்டி-ஏ1 இருக்கும். அதை அறிய உதவும் லெக்டின் என்ற தாவரப் புரதம் வேறெதிலிருந்தும் இல்லை, நம் கொள்ளு விதையிலிருந்து எடுப்பதுதான்.

இந்தியாவில் பயிலும் மருத்துவர் தவறவிடவே கூடாத முரண் பம்பாய் வகை. 1952இல் பம்பாயில் ஒய்.எம். பெண்டேயும் உடன் பணிபுரிந்தோரும் இதை முதன்முதலில் விவரித்தார்கள். முன்பக்கம் பார்த்தால் 'ஓ' வகை போலவே இருக்கும். பின்பக்கத்தில் ஏ, பி சிவப்பணுக்களோடு 'ஓ' சிவப்பணுவும் பலமாக ஒட்டும், அதுதான் துப்பு. 'ஓ' சிவப்பணுவின் மேலும் இருக்கும் எச் ஆன்டிஜென் என்ற அடையாளப் பொருள் அவர்களிடம் இல்லை, அதைத் தாக்கும் ஆன்டி-எச் உண்டு. 'ஓ' இரத்தம் ஏற்றினாலும் அவர்களுக்கு ஆபத்தே. பின்பக்க வரிசையில் 'ஓ' சிவப்பணு ட்யூபை வைக்காத ஆய்வகத்தில் இந்தத் துப்பு கிடைக்காது. அந்த 'ஓ' ட்யூபை ஏன் விடக் கூடாது என்பதை இதை வைத்தே சொல்லிக்கொடுங்கள்.

கூம்ப்ஸ் பரிசோதனையில்தான் கைப்பழக்கத்தின் குறை அப்பட்டமாகத் தெரியும். 1945இல் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் மூவரும் கொண்டுவந்த இந்த முறை, ஒட்டாமல் சிவப்பணுவின் மேல் அமர்ந்திருக்கும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும். 37 டிகிரியில் வைத்தபின், அந்த எதிர்ப்பொருளைப் பிடித்துச் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டி-ஹியூமன் குளோபுலின் சேர்ப்பதற்கு முன், மூன்று முறை சலைனில் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் சலைனை முழுமையாகக் கொட்டிவிட வேண்டும். கொஞ்சம் சீரம் தங்கினாலும் அதிலுள்ள குளோபுலின் நாம் சேர்ப்பதை உறிஞ்சிச் செயலிழக்க வைத்துவிடும். பொருந்தாத இரத்தம் பொருந்துவதாகத் தோன்றும். அதனால்தான் நெகட்டிவ் வந்த ஒவ்வொரு ட்யூபிலும் ஐ.ஜி.ஜி. பூசிய கன்ட்ரோல் சிவப்பணுவைச் சேர்க்கிறோம். அது ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் முதலிலிருந்து செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் இருப்பது உறுதியான ஒரு சீரத்தைக் கொடுத்து, ஒருமுறை மட்டும் கழுவிய ட்யூபையும் மூன்று முறை கழுவிய ட்யூபையும் பக்கத்தில் பக்கத்தில் படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு யாரும் கழுவுவதில் அவசரப்படுவதில்லை.

ட்யூபுக்குப் பதிலாக ஜெல் நிரப்பிய நுண்குழல்களில் ஒட்டுதலைப் பார்க்கும் ஜெல் கார்டு வந்தபின் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. 0.8 சதவீதச் சிவப்பணு 50 மைக்ரோலிட்டர், சீரம் 25 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 15 நிமிடம், பிறகு சென்ட்ரிஃப்யூஜ், கழுவும் வேலையே இல்லை. நல்ல முறைதான். ஆனால் தாலுகா மருத்துவமனையில் கார்டு தீர்ந்த இரவில் ட்யூபைத் தவிர வேறு துணை கிடையாது. இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

அறுவை அரங்கிலிருந்து போன் வந்தால் சொல்லவேண்டிய நேரங்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வகை மட்டும் பார்த்துக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். நோயாளியின் சீரத்தோடு கொடையாளரின் சிவப்பணுவைப் பொருத்திப் பார்க்கும் முழு கிராஸ் மேட்சுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். அதற்கும் நேரமில்லை என்றால் 'ஓ' சிவப்பணு. நம் மக்களில் ஆர்.எச். நெகட்டிவ் சிறுபான்மை, இருப்பும் எப்போதும் குறைவு. அதைக் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் சிறுமியருக்கும் ஒதுக்கி, ஆண்களுக்கு 'ஓ' பாசிட்டிவ் தருவது ஏற்கத்தக்க முடிவு. எதுவானாலும் முதல் பை ஏறுவதற்கு முன் சாம்பிள் எடுத்துவிட வேண்டும்.

பை வார்டுக்குப் போனபின்

இதை வகுப்பறையில் சொன்னால் ஒட்டாது. காலாவதியான பையையே வைத்து, ஆளில்லாக் கட்டிலில் ஒத்திகை நடத்துங்கள்.

சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரியில் இருந்தது. வெளியே எடுத்த 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், இல்லையேல் திருப்பிவிட வேண்டும். அதற்கு மேல் வெளியே இருந்ததை ஆய்வகம் மீண்டும் இருப்பில் சேர்க்காது. உள்வெப்பம் 10 டிகிரியைத் தாண்டியிருக்கும். வார்டிலுள்ள மருந்து ஃப்ரிட்ஜில் வைத்து அப்புறம் போடலாம் என்பது தவறு. ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் சிவப்பணு உறைந்து உடையும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பையை வெந்நீரில் போடுவது, குழாய்நீரில் காட்டுவது, அக்குளில் வைப்பது எல்லாமே அணுவை உடைக்கவோ கிருமியை வளர்க்கவோ செய்யும். சாதாரண வேகத்தில் ஏற்றும் ஒரு பைக்குச் சூடாக்கலே தேவையில்லை. தட்டணு (பிளேட்லெட்) இதற்கு நேரெதிர்: 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருப்பது. அதை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. வந்தவுடன் ஏற்றிவிட வேண்டும்.

தொங்கவிடுவதற்கு முன் இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர் நோயாளியின் கைப்பட்டையைப் பார்க்க வேண்டும். செவிலியர் மேசையில் நின்று கேஸ் ஷீட்டை வைத்துச் சரிபார்ப்பது சரிபார்ப்பே அல்ல, படுக்கையருகில்தான் செய்ய வேண்டும். ஒத்திகையில் பொருத்தச் சீட்டின் ஐ.பி. எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி வையுங்கள். இன்னொரு முறை பையின் எண்ணை மாற்றுங்கள். யார் நிறுத்துகிறார், யார் தாண்டிப் போகிறார் என்பது உடனே தெரிந்துவிடும். தாண்டிப் போனவரை எல்லோர் முன்னும் கடிந்துகொள்ள வேண்டாம், மறுநாள் வேறு பிழையோடு மீண்டும் செய்யச் சொல்லுங்கள்.

170 முதல் 200 மைக்ரான் வடிகட்டி உள்ள குழாய் செட்தான் போட வேண்டும். அதே லைனில் நார்மல் சலைன் தவிர வேறெதுவும் கூடாது. ரிங்கர் லாக்டேட்டின் கால்சியம், உறையாமல் காக்கப் பையில் சேர்த்துள்ள சிட்ரேட்டை மீறி இரத்தத்தை உறைய வைக்கும். டெக்ஸ்ட்ரோஸில் சிவப்பணு வீங்கி உடையும். முதல் 15 நிமிடம் மெதுவாக ஓட விட்டு, அருகிலேயே இருக்க வேண்டும். தொடங்குமுன், 15ஆம் நிமிடத்தில், பிறகு மணிக்கொருமுறை, முடிந்தபின் என்று நாடி, வெப்பம், இரத்த அழுத்தம், சுவாசம் எழுத வேண்டும். வெளியே வந்த நான்கு மணி நேரத்துக்குள் முடியாத பையை நிறுத்திவிட வேண்டும். இதய பலவீனமுள்ள முதியவருக்கு அவ்வளவு வேகம் தாங்காது என்றால், பையை முன்கூட்டியே சிறு பைகளாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ரியாக்ஷன் ஒத்திகை

"சார், அஞ்சாம் பெட்டுக்குக் குளிருது" என்ற ஒரு வரியில் ஒத்திகையைத் தொடங்குங்கள். கை முதலில் போக வேண்டியது குழாயை மூடும் கிளாம்புக்கு. ஏவில் (ஒவ்வாமை மருந்து) போடுவதும் ஹைட்ரோகார்ட்டிசோன் தேடுவதும் அதற்குப் பிறகு. ஏற்றுவதை நிறுத்தி, செட்டை மாற்றி, புதிய சலைனால் ஊசிவழியைத் திறந்து வைக்க வேண்டும். ஊசியைப் பிடுங்கிவிடும் பழக்கம் இருக்கிறது. அழுத்தம் சரிந்தபின் நரம்பு கிடைக்காது. அடுத்து நோயாளியின் பெயரையும் பையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆள் மாறியிருந்தால் அதே நேரத்தில் இன்னொரு படுக்கையில் அவருக்குரிய பை இன்னொருவருக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். அங்கேயும் ஓட வேண்டும். இதைச் சொல்லாமல் விடும் பாடங்களே அதிகம்.

பிறகு மறு கையிலிருந்து இரண்டு சாம்பிள், ஒன்று உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. ட்யூபில், ஒன்று எதுவும் சேர்க்காத ப்ளெயின் ட்யூபில். முதலில் கழியும் சிறுநீர். செட்டோடு பை. மூன்றையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நோயாளியின் சிவப்பணுவில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடிக் கூம்ப்ஸுக்கு ஈ.டி.டி.ஏ. ஏன் வேண்டும் என்றால், அது கால்சியத்தைப் பிடித்துவைத்து, ட்யூபுக்குள்ளேயே காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதம் சிவப்பணுவில் ஒட்டுவதைத் தடுக்கும். ஆய்வகத்தில் முதல் வேலை எளியது: எழுத்துச் சரிபார்ப்பு, பிளாஸ்மா சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது, நேரடிக் கூம்ப்ஸ், முந்தைய பிந்தைய சாம்பிள்களின் வகை. பத்து நிமிடத்தில் பெரும்பகுதி தெரிந்துவிடும். ஏபிஓ பொருந்தாமை என்றால் சலைன் ஓட்டிச் சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 1 மி.லி.க்குக் குறையாமல் பார்க்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் அறுவை நோயாளி குளிர்கிறது என்று சொல்ல மாட்டார். வெட்டிய இடமெல்லாம் கசிவதும், அழுத்தம் சரிவதும், யூரோபேக் (சிறுநீர் சேரும் பை) சிவப்பதும்தான் அவர் தரும் தகவல்.

வெறும் தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் ஏவில் கொடுத்து, தணிந்தபின் அதே பையைத் தொடரலாம். இந்த ஒன்றுக்கு மட்டுமே அந்த அனுமதி. மூச்சு இரைத்து அழுத்தம் சரிந்தால் அது அனஃபிலாக்சிஸ், உயிராபத்தான ஒவ்வாமை. பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தசையில். மூச்சுத்திணறலோடு அழுத்தம் ஏறி, கழுத்து நரம்பு புடைத்திருந்தால் திரவச்சுமை. உட்கார வைத்து, சிறுநீரைப் பெருக்கும் ஃப்ரூசமைட் போட்டால் தணியும். ஆறு மணி நேரத்துக்குள் நுரையீரல் நிரம்பி, அழுத்தம் தாழ்ந்து, காய்ச்சலும் இருந்தால் ட்ராலி (இரத்த ஏற்றத்தால் வரும் நுரையீரல் பாதிப்பு) என்று சந்தேகித்து ஆக்சிஜன், வென்டிலேட்டர் வழியே போக வேண்டும். அங்கே ஃப்ரூசமைட் கெடுதலே செய்யும். தட்டணு ஏற்றும்போது வரும் கடுங்காய்ச்சலில் கிருமித்தொற்றை நினைக்க வேண்டும். அறை வெப்பத்தில் இருந்த பை அது.

வேண்டாம் என்று சொல்லத் தெரிவது

மழைக்காலம் வந்தால் டெங்கு வரும், "பிளேட்லெட் இறங்குது டாக்டர், ஏத்துங்க" என்று உறவினர் சூழ்ந்துகொள்வார்கள். இரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000க்கு மேல் எண்ணிக்கை இருக்கும்போது தட்டணு ஏற்றத் தேவையில்லை. டெங்குவில் உயிரைப் பறிப்பது பிளாஸ்மா கசிந்து வரும் அதிர்ச்சிநிலை. கவனிக்க வேண்டியது ஹெமட்டோக்ரிட்டும் (இரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) திரவமும் நாடியழுத்தமும் (மேல், கீழ் அழுத்தங்களின் வேறுபாடு). இதை உறவினருக்குப் புரியும் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்லும் பயிற்சியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒருவர் மருத்துவராகவும் மற்றவர் பதறிய அண்ணனாகவும் நடித்துப் பழகலாம்.

இரத்தம் கசியாத நிலையான நோயாளிக்கு ஹீமோகுளோபின் 7 கிராம் வரை பொறுக்கலாம் என்பதை கனடாவில் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்து 1999இல் வெளியான ட்ரிக் ஆய்வு காட்டியது. இதய நோயாளிக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பை ஏறினால் ஏறத்தாழ 1 கிராம் உயரும். ஆகவே ஒன்று ஏற்றி, நோயாளியைப் பார்த்து, பிறகே அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டும். ஐந்தாம் மாதக் கர்ப்பிணிக்கு 7.5 இருந்தால் வேண்டியது நரம்புவழி இரும்புச்சத்து, இரத்தமல்ல. பிளாஸ்மாவைச் சத்துக்காகவும் அழுத்தம் ஏற்றவும் போடுவதை இன்னும் பார்க்க முடிகிறது. அதற்கு அல்ல அது. தேவைப்படும்போதோ கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. கணக்கில் கொடுக்க வேண்டும். ஐம்பது கிலோ ஆளுக்கு ஒரே ஒரு பை போடுவதால் ஆபத்து மட்டும் வரும், பயன் வராது.

கொடையாளர் பக்கத்துக்கு ஒரு முகாம் போதும். ஹீமோகுளோபின் 12.5, எடை 45 கிலோ (450 மி.லி. பைக்கு 55), ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி என்பதையெல்லாம் அங்கேயே கற்றுவிடலாம். ஹீமோகுளோபின் போதுமா என்று பார்க்கும் காப்பர் சல்பேட் கரைசலின் ஒப்படர்த்தி 1.053 இருக்க வேண்டும், துளி 15 விநாடிக்குள் மூழ்க வேண்டும், 30 மி.லி. கரைசலை 25 பேருக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. முகாமில் கவனித்துக் கற்க வேண்டியது தனியறைக் கேள்விகள். நண்பர்கள் சூழ நிற்கும் இளைஞர் உண்மையைச் சொல்ல மாட்டார். உறவினரையே கொடுக்கச் சொல்லி வற்புறுத்தும் மருத்துவருக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும்: நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்தை 25 கிரே கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றினால், அதிலுள்ள லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளணு) நோயாளியின் உடலைத் தாக்கும் அபாயம் உண்டு. அரிதுதான், வந்தால் பிழைப்பது மிகக் கடினம்.

முடிவில் எழுத்துத் தேர்வைவிட, ஒரு சாம்பிளை எடுத்ததிலிருந்து பை முடிந்தது வரை முழுச் சங்கிலியையும் மேற்பார்வையில் செய்யவைத்துக் கையொப்பமிடுவதே நம்பகமான மதிப்பீடு. அவர் பார்த்த ஏதாவது ஒரு ரியாக்ஷனுக்குப் படிவத்தையும் அவரே நிரப்பட்டும். 2012 டிசம்பர் 10 அன்று தொடங்கிய இந்திய ஹீமோவிஜிலன்ஸ் (இரத்த ஏற்றப் பாதிப்புகளைக் கண்காணிக்கும்) திட்டத்துக்காக, நொய்டாவிலுள்ள தேசிய உயிரியல் நிறுவனம் இந்தப் படிவங்களைப் பெறுகிறது. சிறிய தடிப்பானாலும் எழுத வேண்டும். தாமத ரியாக்ஷன் மூன்றிலிருந்து பதினான்கு நாளுக்குள் வரும்: காரணமில்லாமல் ஹீமோகுளோபின் இறங்கும், கண் மஞ்சளாகும். அதற்குள் பயிற்சி மருத்துவர் வேறு போஸ்டிங்குக்குப் போயிருப்பார், நோயாளியும் வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எந்தத் தேதியில் எந்த எண் பை ஏறியது என்று எழுதி, கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ இந்தச் சீட்டோடு உடனே வரச் சொல்லி நோயாளியிடமும் அவரைக் கூட்டிப்போக வந்தவரிடமும் வாய்விட்டுச் சொல்லி அனுப்புவது அந்தப் போஸ்டிங்கின் கடைசி வேலை.